மொழி காக்கப் போன கதை

சிங்களம் அரைகுறை, இங்கிலீஷ் காற்குறை. இந்த மூலதனத்தோடு நான் ஒரு மொழியைக் காப்பாற்றக் கிளம்பினேன்.

குற்றவாளி ஒரு செய்திதான். அந்தமானில் 'போ' மொழி பேசிய கடைசி மனிதரான போவா சீனியர் 2010 ஜனவரியில் காலமானார்; அவர் பேச்சை மொழியியலாளர் அன்விதா அப்பி வருசக்கணக்காகப் பதிந்து வைத்திருந்தார். எதையாவது வாசித்தால் அன்றைக்கே தொடங்கிவிடும் வருத்தம் உங்களுக்கும் இருக்கும். அந்தமானுக்குக் காசில்லை. எங்கள் துணுக்காயிலேயே தேடினேன்.

கிடைத்தது, களவெட்டிப் பேச்சு. மாடு விட்டுச் சூடு மிதித்த காலத்தில் களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். மாட்டுக்கும் கடகத்துக்கும்கூட அங்கே வேறு பெயர். மாற்றிச் சொன்னால் பூதம் நெல்லை அள்ளிப் போய்விடுமாம். இப்போது வெட்டு மெசின் ஒரே மூச்சில் வெட்டி அடித்துக் கொட்டிவிடுகிறது. அள்ளிப் போகிற வேலையை லீசிங் கம்பனி பார்த்துக்கொள்கிறது.

மல்லாவியில் மைக் வாங்கிக்கொண்டு, அந்தப் பேச்சு தெரிந்த அப்பு என்கிற கிழவரிடம் போனேன். முறையாகப் பதிகிறவர்கள் ஆள், இடம், திகதி எல்லாம் குறித்து, பேசுபவரின் சம்மதத்தையும் வாங்குவார்கள். என் கோப்பின் பெயர் 'நியூ ரெக்கோர்டிங்'. சம்மதம் கேட்டது அப்புவின் நாயிடம் மட்டும்.

"அப்பு, களத்துக்க மாட்டை என்னெண்டு சொல்லுறனீங்கள்?"

"அதைத் திண்ணையில இருந்து கதைக்கேலாது தம்பி. களத்துக்கதான் கதைக்கலாம்."

"இப்ப களம் எங்க இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

என் கேள்விப்பட்டியல் அத்தோடு முடிந்தது. சும்மா இருக்கமுடியாமல் பிரசங்கம் தொடங்கினேன். மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேயக் கிரியோலைப் பதிய லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஹூகோ கார்டோசோ கடல் கடந்து வந்த கதையை விளாசினேன்.

அப்பு கவனமாகக் கேட்டார். "அந்தாள் அவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கு. நீ எங்க இருந்து வாறாய்?"

"அடுத்த வளவு, அப்பு."

"இவ்வளவு காலமும் எங்க கிடந்தனி?"

பேச்சை மாற்ற, போவா சீனியர் பேச ஆளில்லாமல் பறவைகளோடு பேசிய கதையை எடுத்தேன். "இஞ்ச மயில்தான் கிடக்கு. அதோட நான் கதைக்கிறது உன்ர மைக் தாங்காது" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, காயப்போட்ட நெல்லில் மயில்கள் இறங்கின. அப்பு பொல்லோடு எழும்பினார். அகராதி காணாத சொற்களெல்லாம் சரளமாக, நிறுத்தாமல் வந்து விழுந்தன.

நான் அப்போது ரெக்கோர்டிங்கை நிறுத்திவிட்டு, என் குரல் நன்றாக விழுந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.