சிங்கப்பூர் நாலு மணி நேரம், வழி: திருச்சி

மதுரையிலிருந்து சிங்கப்பூர் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 3,000 கி.மீ. ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரம். கொழும்பு 350 கி.மீ.தான்; சென்னையைவிடப் பக்கம். காகமாகப் பிறந்திருந்தால் சிவகாசிப் பக்கத்து ஆனைக்குட்டத்துக்காரன் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பாவம், ஓட்டுரிமையோடு பிறந்து தொலைத்துவிட்டான்.

பட்டாசு அறையில் மருந்தோடு மல்லாடப் பயந்து, கடன் வாங்கி, சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான் ஒரு பையன். டிக்கெட் திருச்சியிலிருந்து. ராத்திரியே வேன் பிடிக்க வேண்டும். விருதுநகர், கள்ளிக்குடி, திருமங்கலம். கப்பலூரில் டோல் கட்டு. ரிங் ரோட்டில் திரும்பினால் மதுரை விமான நிலையம் பக்கத்திலேயே விளக்கெரிய நிற்கிறது.

"ஏய்யா, ஏரோப்ளேன் இங்கனதான நிக்குது?" என்கிறாள் அம்மா. பையனிடம் பதில் இல்லை. டெல்லியிடமும் இல்லை.

வேன் இன்னும் 130 கி.மீ. போக வேண்டும். வீட்டிலிருந்து திருச்சிக்கு மூன்றரை மணி நேரம். அங்கே போய்க் காத்திருக்க இன்னொரு மூன்று மணி நேரம். கடல் தாண்டுவதைவிடக் கப்பலூர் தாண்டுவதுதான் வெளிநாட்டுப் பயணம்.

மதுரைக்கு என்ன குறை? 2010-இல் புது முனையம் திறந்தார்கள். 2012-இல் சுங்க விமான நிலையம் என்றார்கள். அந்த ஆண்டே கொழும்புக்கு விமானம் பறந்தது. ஆனால் சிங்கப்பூரோடும் துபாயோடும் போட்ட விமான ஒப்பந்தங்களில் மதுரையின் பெயரைச் சேர்க்கவில்லை. அதனால் சிங்கப்பூர்க்காரர்களின் விமானங்கள் திருச்சியில் இறங்கும். மதுரைப் பக்கம் எட்டிப் பார்க்காது. இரவெல்லாம் திறந்து வைக்க 2024 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அயோத்தியைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 திறப்பு விழா. 2024 ஜனவரி 5, 'சர்வதேச' அந்தஸ்துக்கு அமைச்சரவை ஒப்புதல். ஆறே நாள். அதே உத்தரப்பிரதேசத்துக் குஷிநகர் இன்னும் விசேஷம்: 2020-இல் சர்வதேசம், 2021-இல்தான் திறப்பு விழா. பிள்ளை பிறக்குமுன் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அயோத்திக்கு அந்தஸ்து கிடைத்தபோது, சுங்க விமான நிலையமாக மதுரைக்கு வயது ஏறக்குறையப் பன்னிரண்டு. பெயர் சூட்டவே ஆளில்லை. தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவன் ஏமாளி. இந்த நாட்டில் தூரம் என்பது டெல்லியில் உனக்கு எத்தனை எம்.பி. பயன்படுகிறான் என்பதுதான்.

மாநிலம் யோக்கியமா? 7,500 அடி ஓடுபாதையை 12,500 அடியாக நீட்டுவார்களாம். நிலம் தரவில்லை என்றது மத்திய அரசு. தந்துகொண்டே இருக்கிறோம் என்றது மாநிலம். இதற்குள் எத்தனை ஆட்சி வந்து போனது! நடுவில் அகப்பட்டவர்கள் விமான நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்பு கிராமத்து ஜனங்கள். ஊரைக் காலி செய், மாற்றிடம் அப்புறம் என்றால் யார் கிளம்புவார்? 2024 நவம்பரில் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களைக் காட்டி, 'மக்கள் ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பை மூடுவதில் மட்டும் இரண்டு அரசுக்கும் அப்படியொரு ஒற்றுமை.

'சர்வதேச விமான நிலையம்' என்று தேர்தலுக்குத் தேர்தல் திரி கிள்ளுகிறார்கள். வெடித்தபாடில்லை. நமுத்த சரக்கு. எங்கள் ஊரில் இப்படிச் சரக்கு போட்டால் மறுவருஷம் எவனும் ஆர்டர் தரமாட்டான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாட்டுக்கே காலண்டர் அச்சடிப்பது சிவகாசி. அடுத்த முறை மேடையேறி "மதுரைக்குச் சர்வதேச விமான நிலையம்" என்று எவராவது முழங்கினால், கைதட்டாதீர்கள். தேதி கேளுங்கள். தேதி இல்லையென்றால் ஓட்டும் இல்லை.