பாம்பு விற்க மனசில்லாத பாம்பு வியாபாரி

அமெரிக்காவில் சனி, ஞாயிறு வந்தால் ஏதாவது ஓர் ஊரில் 'ரெப்டைல் எக்ஸ்போ' நடந்துகொண்டிருக்கும். பெரிய கூடத்தில் வரிசை வரிசையாக மேஜைகள். மேஜைமேல் தயிர் டப்பா அளவில், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாவுக்கு ஒரு பாம்புக்குட்டி, பென்சில் பருமனில், ஈரக் காகிதத்தின் மேல் சுருண்டு கிடக்கும். ஆணா பெண்ணா, எந்த வருஷம் பொரித்தது, என்ன விலை என்று மூடியில் சீட்டு ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு முதல் பாம்பு வாங்கப் பெற்றோர் கூட்டம் கூட்டமாக வரும் இடம் இது. நம்மவரின் ராஜ்யமும் இதுதான்.

ஐம்பதைத் தாண்டியவர். தாடி உண்டு. முன்கையில் பச்சை குத்திய பாம்பு ஒன்று, அதன்மேல் நிஜப் பாம்பு ஒன்று. எது எது என்று நெளிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பாம்பு வளர்த்து விற்பது அவர் தொழில். ஆனால் மேஜைக்கு முன்னால் ஒரு குடும்பம் வந்து நின்றுவிட்டால், எப்படியாவது விற்காமல் அனுப்பிவிட வேண்டும் என்றுதான் பாடுபடுவார்.

"பையனுக்குப் பிறந்தநாள், ஒரு பாம்பு வேணும்" என்று அப்பா ஆரம்பிப்பார். அவ்வளவுதான், நம்மவர் டப்பாவை ஓர் அங்குலம் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். பெண் கேட்டு வந்தவர்களைக்கூட யாரும் அப்படி விசாரித்திருக்க மாட்டார்கள். கூண்டு வாங்கியாச்சா? பாம்பு வாங்கிவிட்டுக் கூண்டு தேடுகிற ஜாதியா நீங்கள்? ஒரு பக்கம் 30 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி இருக்க வேண்டுமே, தெர்மோஸ்டாட் உண்டா? மூடிக்குப் பூட்டு உண்டா? சுண்டு விரல் நுழைகிற இடுக்கில் முழுப் பாம்பும் நுழையும், தெரியுமா? வீட்டில் 5 வயசுக்குக் கீழே குழந்தை உண்டா? கடைசிக் கேள்விக்கு 'உண்டு' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. சால்மொனெல்லா கிருமியைப் பற்றி ஒரு பிரசங்கம், கையில் சோப்புப் போடும் முறைக்குச் செய்முறை விளக்கம், "சின்னவனுக்கு 5 முடிஞ்சதும் வாங்க" என்று வழியனுப்பு. அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் தாண்டி வருகிறவர்களுக்கு அடுத்த கண்டம் எலி. "உறைஞ்ச எலியை எந்த ஃப்ரீஸர்ல வைப்பீங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்பார். அந்த அம்மாளின் கண்முன்னால் ஐஸ்கிரீம் டப்பா வந்து போகும். அவரோ நிதானமாகத் தொடர்வார்: எலியைப் பையோடு வெந்நீரில் போட்டு இளக்க வேண்டும், இடுக்கியால் வாலைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும், மைக்ரோவேவ் பக்கம் மட்டும் போகவே கூடாது. ஏன் என்று எந்த அம்மாவும் கேட்டதில்லை.

எந்தப் பாம்பு என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்: கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் வயலிலும் தானியக் கொட்டகையிலும் எலி பிடித்துத் திரிவது. நம் சாரைக்கு அங்கத்திய ஒன்றுவிட்ட சகோதரம். ஆரஞ்சு நிறம், விஷமில்லை, 4, 5 அடிக்கு மேல் வளர்வது அபூர்வம், போட்ட எலியைத் தின்னும். விலை ஐம்பது டாலர், அது குடியிருக்க வீடும் சூடும் இருநூறு, முந்நூறு டாலர்.

பக்கத்து மேஜைக்காரர் பால் பைத்தான் கட்சி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குண்டுப் பாம்பு அது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுவிடும், குழந்தை கையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆனால் திடீரென்று ஒருநாள் உண்ணாவிரதம் ஆரம்பித்தால் மாதக்கணக்கில் நீளும். "வீட்டுல எல்லாரும் அழுவாங்க, பாம்பு மட்டும் சௌக்கியமா இருக்கும்" என்று நம்மவர் அந்த மேஜைக்கும் கேட்கிற குரலில் சொல்வார். ஆயுளையும் எடுத்துவிடுவார். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலையில் 62 வயசு என்று கணக்கிட்ட ஒரு பால் பைத்தான், ஆண் துணையே இல்லாமல் 2020-இல் முட்டை போட்டது. "உங்க பையன் கல்யாணம் பண்ணிக்கிட்டு வேற வீடு போயிடுவான். பாம்பு உங்க கூடத்தான் இருக்கும்." கார்ன் ஸ்நேக்கும் 15, 20 வருஷம் வாழும் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார்.

பர்மிய மலைப்பாம்பு என்று யாராவது சொன்னால் மட்டும் அவர் முகம் மாறும். பேச்சிலே நகைச்சுவை போய்விடும். ஆசைக்கு வாங்கி, பத்தடி வளர்ந்ததும் பயந்துபோய், ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விட்டுவந்தவர்கள் உண்டு. அந்தக் காட்டின் முயல்களையும் ரக்கூன்களையும் அது தின்று தீர்த்த கதையைச் சொல்வார். 2012-இல் அதன் இறக்குமதியையே அரசு தடைசெய்தது. "ஹவாயில பாம்பு வச்சிருந்தாலே 2 லட்சம் டாலர் வரை அபராதம், 3 வருஷம் வரை ஜெயில். அங்க இருக்கிறவங்க புத்திசாலிங்க" என்பார், பாம்பு விற்கிற மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு.

பேரனோடு எக்ஸ்போவுக்கு வந்துவிட்ட நம்மூர்ப் பாட்டிகளையும் அவர் பார்த்திருக்கிறார். "ஏண்டா, இதுக்குப் பால் எத்தனை வேளை வைக்கணும்னு கேளு" என்று பாட்டி கேட்க, பேரன் கூச்சத்தோடு மொழிபெயர்ப்பான். நம்மவர் சிரிக்க மாட்டார். மரியாதையோடு 'மில்க் ஸ்நேக்' டப்பாவை எடுத்துக் காட்டுவார். எலி தேடி மாட்டுக் கொட்டகைக்குள் வந்த பாவத்துக்கு, இந்தப் பாம்பு பசுவின் மடியில் பால் குடிக்கிறது என்று அமெரிக்க விவசாயிகளும் சத்தியம் செய்தார்கள். பாட்டிக்கு இதில் பரம திருப்தி. "அதான் நானும் சொல்றேன், பால்தான் குடிக்கும்" என்று முடித்துவிடுவார்.

பிள்ளைகளிடம் அவர் பேசும் முறை தனி. அப்பா அம்மாவை ஒதுக்கிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்துகொள்வார். "இது உன்னை அடையாளம் கண்டு ஓடி வராது. உன்மேல பிரியமும் வைக்காது. நீ மரக்கிளை மாதிரி அசையாம இருந்தா உன்மேல ஏறும். வாங்கிட்டுப் போனா ஒரு வாரம் தொடக்கூடாது. எலி தின்னா ரெண்டு நாள் தொடக்கூடாது. சம்மதமா?" பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு அப்போதே முகம் தொங்கிவிடும், பூனைக்குட்டி எங்கே விற்கிறது என்று விசாரிக்கப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பது, அதுவரை வாயே திறக்காமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை. "அது கண்ணு ஏன் நீலமா இருக்கு?" என்று கேட்கும். தோல் உரிக்கப் போகிறது என்று பதில் சொல்லும்போதே அவர் விலையில் பத்து டாலர் குறைத்துவிடுவார்.

இப்படி வியாபாரம் செய்தால் குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்கலாம். மேஜையின் அந்த ஓரத்தில், கார்டு தேய்க்கிற மெஷினோடு அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். பால் பைத்தான்காரரோடு சண்டை போட நம்மவர் எழுந்து போகிற ஒவ்வொரு தடவையும் நாலைந்து டப்பா காலியாகிவிடும். திரும்பி வந்து வெற்றிடத்தைப் பார்த்துப் பதறுவார்.

"யாருக்குக் கொடுத்தே? கூண்டு இருக்கான்னு கேட்டியா? தெர்மோஸ்டாட்?"

"கேட்டேன், கேட்டேன்" என்பார் அந்த அம்மாள், ரசீதுகளை எண்ணிக்கொண்டே.