முனை பொருந்தினால் போதுமா?

கேள்வி: திருகோணமலை இறங்குதுறையில், அலுவலகத்திலிருந்து 40 மீற்றர் தள்ளி ஓர் எழுத்துப் பலகையும் வீடியோத் திரையும் வைக்கிறோம். எந்தக் கேபிள் வாங்குவது?

பதில்: கல்யாணத்தைப் போலத்தான், முனை பொருந்துவது முகப்பொருத்தம் மட்டுமே. தூரப் பொருத்தம்தான் குடித்தனம் நடத்தும்!

எழுத்துப் பலகைக்கான தொடர்கேபிளில் ஆர்.எஸ்.-232 முறை சுமார் 15 மீற்றரில் களைத்துவிடும். ஆர்.எஸ்.-485 குறைந்த வேகத்தில் 1200 மீற்றர் வரை போகும். முறுக்கிய இரு கம்பிகளிலும் எதிரெதிரான சமிக்ஞை ஓடுவதால், இரண்டிலும் ஒன்றாக ஏறும் இரைச்சல் கழிந்துபோகிறது. பலகை 232 மட்டுமே ஏற்குமானால், இரு முனையிலும் 232-485 மாற்றி தேவை.

வீடியோவுக்குச் சாதாரணச் செப்பு எச்டிஎம்ஐ இவ்வளவு தூரம் தாங்காது. ஒளியிழை எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு, முனைகளை இடம் மாற்றி மாட்டினால் படம் வராது.

துறைமுகத்து உப்புக்காற்று செம்பைத் தின்னும். ஆகவே தொடர்கேபிளில் வெள்ளீயம் பூசிய கம்பியும், வெளியே நீர்புகா இணைப்பும் கட்டாயம். பயணிகள் நம்பிப் பார்க்கும் திரைக்கு மலிவுக் கேபிள் வேண்டாம்.