கொழுந்துக்கூடை கட்டிய சைக்கிள்

ஐந்தோவன், நெதர்லாந்து
ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் மழை

அன்புள்ள மச்சானுக்கு,

அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் போனில் நான் சைக்கிள் வாங்கிவிட்டேன் என்றதும் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "பிரேக் எத்தனை?" விலை கேட்கவில்லை, கலர் கேட்கவில்லை. மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாகப் பெட்டிவாசலில் கொடியோடு நின்று ரிட்டயர் ஆனவரிடம் வேறெதை எதிர்பார்ப்பது? நான் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. மறுநாள் அக்கா கூப்பிட்டு, "படுத்துக்கிட்டே ஓட்டுற வண்டியாமே, அவனுக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலையா?" என்று உங்கள் தங்கச்சியிடம் ரகசியமாக விசாரித்திருக்கிறாள். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான். குன்னூரில் அது ஒரு குறையே இல்லை. எங்கே வைத்து ஓட்டுவது? பெட்ஃபோர்டிலிருந்து கிளம்பினால் ஒன்று ஏற்றம், தள்ள வேண்டும். இல்லாவிட்டால் இறக்கம், சாமி கும்பிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை துணிந்து ஏறி, நேராகத் தேயிலைக்குள் போய் விழுந்தேன். தேயிலைத் தோட்டத்தைப் பச்சைக் கம்பளம் என்று எழுதுகிறவர்கள் கவாத்து வெட்டிய தேயிலையில் ஒருமுறை விழுந்து பார்க்க வேண்டும். அந்தத் தழும்பு இன்னும் இடது முழங்கையில் இருக்கிறது.

ஆனால் இந்த நாட்டில் ஜனத்தொகை ஒரு கோடியே எண்பது லட்சம். சைக்கிள் இரண்டு கோடியே முப்பது லட்சம். என் பங்குக்கே ஒன்றேகால் சைக்கிள் வருகிறது. பிரதமர் சைக்கிளில் ஆபீஸ் போனதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்த்ததில்லை. உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்த மூன்று மாடி கட்டி வைத்திருக்கிறார்கள். சின்னவள் பள்ளிக்கூடத்தில் சைக்கிள் பரீட்சை எழுதி, ரோட்டில் ஓட்டிக்காட்டி, சர்ட்டிபிகேட்டும் வாங்கிவிட்டாள். அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

ரோஷம் வந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சைக்கிள் பழக்கும் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு ஒன்பது பெண்கள். மொராக்கோ, சிரியா, எரித்ரியா என்று பல தேசம். ஆறாவது வாரம் ஒன்பது பேரும் மைதானத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்க, நான் டீச்சரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐம்பது வயதில் பேலன்ஸ் என்பது காதுக்குள் எங்கேயோ இருந்து வர வேண்டுமாம். என் காதில் குளிர்காற்றுதான் இருந்தது.

அப்படி ஒரு நாள் கால்வாய்க் கரையில் நடந்து போகையில் எதிரே ஒருவர் மல்லாந்த வாக்கில், காலை முன்னே நீட்டிக்கொண்டு, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வந்தார். விபத்து என்று நினைத்து ஓடினேன். அவர் கையை ஆட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் சாய்வு நாற்காலி, அதில் அவர். லிக்ஃபீட்ஸ் என்கிறார்கள், படுக்கை சைக்கிள் என்று அர்த்தம். மூன்று சக்கரம்! விழவே முடியாது! கால்வாய்க் கரையில் நின்று கைதட்டினேன், மச்சான்.

இந்த ஜாதி வண்டிக்கு ஒரு பழைய கதை உண்டு. நூறு வருஷத்துக்கு முன் பாரிஸில் சார்ல் மோஷே என்றொருவர் இருந்தார். மகனுக்குச் சைக்கிள் வாங்கித் தரலாம் என்றால், விழுந்துவிடுவான் என்று வீட்டம்மா ஒப்பவில்லை. அதற்காக நாலு சக்கர மிதிவண்டி ஒன்று செய்து கொடுத்தார். அதிலிருந்து படிப்படியாக, இரண்டு சக்கரத்தில் சாய்ந்து ஓட்டும் வண்டி வரை வந்தார். 1933-ல் அதில் ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர், அப்படியொன்றும் பெரிய பேர் வாங்காத ஓட்டக்காரர், ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914 முதல் யாரும் அசைக்காத 44.247 போயே போய்விட்டது. சைக்கிள் சங்கத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த வருஷமே, இது சைக்கிளே இல்லை என்று போட்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். நின்றுகொண்டு இடிபடுகிறவனுக்கு உட்கார்ந்து வருகிறவனைப் பார்த்தால் வயிறு எரியத்தானே செய்யும்? மேட்டுப்பாளையம் பஸ்ஸிலும் அதே சட்டம்தான்.

புதிது விலை கேட்டேன். அந்தக் காசுக்கு ஊரில் நல்ல செகண்ட் ஹேண்ட் கார் வரும். ஆகவே பழைய சாமான் விற்கும் தளத்தில் மூன்று மாதம் வலை வீசி, ட்ரோன்டன் பக்கம் ஒரு பெரியவரிடம் பிடித்தேன். ட்ரோன்டன் இருப்பது கடலை அடைத்து, 1957-ல் தண்ணீரை இறைத்து வெளியே எடுத்த நிலத்தில். கடல் மட்டத்துக்குக் கீழே நின்றுகொண்டு பேரம் பேசினேன். பேரம் படியவில்லை. பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்: எந்தத் தேதியில் எந்த டயர் மாற்றினார், எந்த மாதம் செயினுக்கு எண்ணெய் போட்டார், எல்லாம் பதினோரு வருஷக் கணக்கு. நம் எஸ்டேட் ஆபீஸ் செக்ரோல்கூட அவ்வளவு சுத்தமாக இராது. வண்டி இங்கிலாந்தில் ஃபால்மத் என்ற ஊரில் செய்தது.

பெரியவர் உயரம் ஆறடி நாலங்குலம். நான் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா கல்யாண போட்டோவில் என்னை ஸ்டூல்மேல் ஏற்றித்தானே எடுத்தார்கள்? உட்கார்ந்து காலை நீட்டினால் பெடலுக்கும் எனக்கும் ஒரு சாண் இடைவெளி. இந்த வண்டியில் சீட்டு நகராது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்பை உள்ளே தள்ளிப் பெடலைக் கிட்டே கொண்டுவர வேண்டும். எனக்காக அதைக் கடைசிவரை தள்ளியும் பற்றாமல், நாலு சென்டிமீட்டர் ரம்பத்தால் அறுத்தோம். பைப் உள்ளே போனால் செயின் தொங்கும். சாதாரணச் சைக்கிள் செயினைப்போல் இரண்டரை மடங்கு நீளம் இது. சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்க்குள் புகுந்து, நடுவில் ஒரு உருளையில் ஏறி இறங்கிப் பின்சக்கரத்துக்குப் போகிறது. அதிலிருந்து 24 கண்ணி கழற்றினோம். பெடல் தண்டும் எனக்கு நீளம். 170 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 152 போட்டோம்.

அடுத்து வந்ததுதான் தகராறு. முன்பக்கம் 22 பல் உள்ள சின்னப் பல்சக்கரம் ஒன்று போடச் சொன்னேன். கடைக்காரப் பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எந்த மலைக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இந்த நாட்டின் ஐரோப்பியப் பகுதிக்கு உச்சி என்பது ஃபால்ஸ் என்ற ஊரின் குன்று. உயரம் 322 மீட்டர். அதை மலை என்று பெயர் வைத்து, மேலே ஓட்டல் கட்டி, போட்டோ பிடித்துக்கொள்கிறார்கள். நம் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனே ஏறக்குறைய அந்த உயரம்தான், மச்சான். இவர்களுடைய மலை முடிகிற இடத்தில்தான் நம் மலை ஆரம்பிக்கிறது. செல்போனில் மரப்பாலம் வளைவைக் காட்டினேன். பையன் மறுபேச்சுப் பேசாமல் 22 பல் மாட்டினான். மலையில் பிறந்தவனுக்குச் சமதரையை நம்ப முடிவதில்லை. எங்கேயோ ஓரிடத்தில் ஏற்றம் ஒளிந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

ஏற்றம் இல்லாவிட்டாலும் இங்கே எதிர்க்காற்று இருக்கிறது. அதற்கென்றே 2013 முதல் ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள்: புயல் எச்சரிக்கை வந்தால், கடலோரத் தடுப்பணைமேல் கியர் இல்லாத சைக்கிளில், காற்றை எதிர்த்து எட்டரை கிலோமீட்டர். நிமிர்ந்து உட்கார்ந்தவர் நெஞ்சில் காற்று அறையும். எனக்கோ தலைக்கு மேலே போய்விடுகிறது. என்னைக் கடந்துபோன கல்லூரிப் பையன்களை முதன்முதலாக எதிர்க்காற்றில் முந்தியபோது மணியடித்தேன். அடிக்க அவசியமே இல்லை. இருந்தாலும் அடித்தேன்.

சுகம் மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். முதல் கஷ்டம் மழை. நிமிர்ந்து போகிறவனுக்குத் தலையில், எனக்கு நேராக மூக்குத் துவாரத்தில். இரண்டாவது நாய்கள். என் கண்ணும் அவற்றின் கண்ணும் ஒரே மட்டம்; ஒரு லாப்ரடார் சிக்னலில் நிற்கும்போது என் முகத்தைத் துடைத்துவிட்டுப் போயிற்று. மூன்றாவது, பெடலிலிருந்து கால் நழுவித் தரையில் பட்டால் வண்டி முன்னே ஓடி, காலைத் தனக்கு அடியில் இழுத்துக்கொள்ளும். இது விளையாட்டில்லை, எலும்பே முறியும். இரண்டாம் நாளே எனக்கு நழுவிற்று. மெதுவாகப் போனதால் தப்பித்தேன். அன்றைக்கே குதிகாலைத் தாங்கும் வார் வாங்கி மாட்டிவிட்டேன். நாலாவது, வண்டியின் அகலம் 80 சென்டிமீட்டர், பின்கட்டுக் கொட்டகைக் கதவு 76. தினமும் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல் உள்ளே கொண்டு போகிறேன். இதிலும் ஒரு லாபம்: 75 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான மூன்று சக்கரத்தை மோட்டார் ரோட்டிலும் ஓட்டலாம் என்று சட்டம். கார்க்காரர்கள் ஹாரன் அடிக்கும்போது மனசுக்குள் அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொள்வேன்.

பின்னால் சாமான் வைக்கப் பை விலை கேட்டேன். ஜோடி 150 யூரோ. அம்மாவின் கொழுந்துக்கூடையை உங்கள் தங்கச்சி கூடத்தில் அலங்காரமாக மாட்டி, காய்ந்த பூவைப் போட்டு வைத்திருந்தாள். அதை இறக்கினேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது கூடையைத் தலையில் மாட்டும் கயிற்றாலேயே சீட்டின் பின்பக்கம் கட்டியிருக்கிறேன், கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. உருளைக்கிழங்கு ஏழு கிலோ தாங்குகிறது. மழைக்கு மேலே படங்கு. தாழ்வான வண்டி கார்க்காரர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக எல்லோரும் கம்பத்தில் ஆரஞ்சுக் கொடி கட்டுகிறார்கள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சப்பையைக் கட்டினேன். கோத்தகிரி ஜவுளிக்கடை ஒன்றின் பெயரும் போன் நம்பரும் இப்போது வடக்கு பிரபாண்ட் மாநிலமெங்கும் பறக்கின்றன.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். லைன் கட்டானது என்று மேலே எழுதினேன். அது பொய். நான்தான் கட் பண்ணினேன். அன்றைய தேதிக்குப் பிரேக் இரண்டுதான்: இடது கைக்கு இடது சக்கரம், வலது கைக்கு வலது சக்கரம், இரண்டும் ட்ரம். பின்சக்கரத்துக்கு ஒன்றுமே இல்லை. நிறுத்தி வைக்கும்போது? பெரியவர் பிரேக் லீவரை ஒரு ரப்பர் பேண்டால் கட்டி வைத்திருந்தார். சமதரைக்காரருக்கு அது போதும். பெட்டிக்கு ஒரு ஆள் நின்று பிரேக் போட்ட ரயிலில் வேலை பார்த்தவரிடம், என் வண்டி ரப்பர் பேண்டில் நிற்கிறது என்று எந்த வாயால் சொல்வது? மறுநாளே கடைக்குப் போய்ப் பின்சக்கரத்துக்குத் தனிப் பிரேக், இழுத்தால் பூட்டிக்கொள்வது, போட்டுவிட்டேன். பையன் இப்போது "எந்த மலைக்கு?" என்று கேட்பதில்லை. ஆக, பிரேக் மூன்று.

கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். 22 பல்லில், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் போட்டால், ஒரு மிதிக்கு வண்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் நகரும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ரோடு வழியாக 34 கிலோமீட்டர் சொச்சம், 34,000 மிதி. நிமிஷத்துக்கு அறுபது மிதித்தால் ஒன்பதரை மணி நேரம். உங்கள் ரயில் 7.10-க்குக் கிளம்பினால் பத்தரைக்குக் குன்னூர் வந்துவிடும் என்பது தெரியும், சிரிக்காதீர்கள். இரண்டு சக்கரத்தில் அவ்வளவு மெதுவாகப் போனால் விழுந்துவிடுவான். இதில் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகலாம், நடுவில் பூட்டிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே டீ குடிக்கலாம். 2008-ல் ஆரம்பித்த டூர் ஆஃப் நீல்கிரிஸ்காரர்கள் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவிலும் மூச்சிரைக்க ஏறியதைப் பார்த்து நாம் சிரித்தோமே, அந்தப் பாவத்தைக் கழிக்க வேண்டாமா? இறக்கத்தைப் பற்றி மட்டும் நீங்கள் வாயைத் திறக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: ட்ரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். ஆகவே இறங்கும்போது வண்டியோடு நானும் லாரியில் வருவேன். அக்காவிடம் காட்டெருமை விஷயம் பேச வேண்டாம். அதன் முழங்கால் உயரத்தில்தான் என் தலை இருக்கும் என்று அவளுக்குத் தோன்றாதவரை நல்லது.

ஒரு உதவி. மஞ்சப்பை மழையில் வெளுத்துவிட்டது. உங்கள் பீரோவில் இரண்டு கொடி இருப்பது எனக்குத் தெரியும். சர்க்கார் சொத்து என்று ஆரம்பிக்காதீர்கள், ரிட்டயர் ஆகி ஏழு வருஷமாகிறது. பளிச்சென்று தெரிவது சிவப்புதான். ஆனால் சிவப்புக்கொடியைக் கட்டிக்கொண்டு ஒரு வண்டி ஓடுகிறது என்றால் உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. அதனால் பச்சையை அனுப்புங்கள். பார்சலில் இடம் இருந்தால் வர்க்கி அரை கிலோ.

அக்காவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்