மூன்று முறை திரும்பும் பெரியப்பா

வேலையில் இருந்தவரை சீரியலைத் திட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் அதற்கே அடிமையான ஒரு பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் உண்டு. எங்கள் பெரியப்பா மின்வாரியத்தில் கணக்குப் பிரிவு. 1999-இல் 'சித்தி' வந்து வீட்டின் இரவு ஒன்பதரை மணியைக் கைப்பற்றியபோது, சாப்பாட்டுத் தட்டோடு மொட்டை மாடிக்குப் போனவர். 2003 முதல் 2009 வரை 'கோலங்கள்' 1,533 பகுதிகள் ஓடியதற்கு, "அரை மாமாங்கம்!" என்று கணக்கு முடித்தவர்.

ஓய்வு பெற்றபின் முழங்கால் மாடி ஏற மறுத்தது. வேறு வழியில்லாமல் சோபாவில் உட்கார்ந்தார்.

முதல் மாதம் ஒரே புலம்பல். திரையில் மாமியார், "யாருடா இவ?" என்பார். அதற்கு வீட்டிலுள்ள பதினோரு பேரும் தனித்தனியாக அதிர்வார்கள். ரேஷன் கடை வரிசை போல கேமரா ஒவ்வொரு முகமாக நகரும். ஆளுக்கு மூன்று இடி. விளம்பரம். திரும்பி வந்தால் மாமியார் மறுபடியும், "யாருடா இவ?"

இரண்டாம் மாதத்தில் பெரியப்பாவின் தணிக்கைக் கண் விழித்துக்கொண்டது. பதினோரு பேர் அதிர்ந்து முடிப்பதற்குள் பார்ப்பதற்கு எவ்வளவு இருக்கிறது! தூங்கி எழுந்த மருமகள் தலையில் வாடாத மல்லிகை. சுவர்க் காலண்டரில் போன மாதத் தேதி. பின்வரிசையில் தூணோரம் நாலு மாதமாக வசனமே இல்லாமல் நிற்கும் ஒரு சித்தப்பா. "இன்னிக்குக் கட்டை விரலை மடக்கி வெச்சிருக்கான் பாரு. இவனுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு!"

இப்போது அவரிடம் போய், கதை என்ன ஆச்சு என்று கேட்டுவிடக் கூடாது. "கதை யாருக்கு வேணும்? காபியை வாங்கினவ, குடிக்காம எவ்வளவு நேரம் நின்னா, அதைப் பாத்தியா?" என்பார். பெங்களூரில் இருக்கும் மகள் செல்போனில் ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதாகச் சொன்னபோது மனிதர் நொந்துபோனார். "பாயசத்துல முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்னுட்டு எழுந்து போறவ!"

பழக்கம் திரையோடு நிற்கவில்லை. பெரியம்மா, "கேஸ் தீந்துபோச்சு" என்றால் உடனே பதில் வராது. முதலில் ஜன்னல் பக்கம் திரும்புவார். பிறகு சமையலறைப் பக்கம். கடைசியாகத்தான் பெரியம்மா. அதற்குள் அவர் அடுத்த வீட்டு அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டு வந்திருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சற்று சும்மா இருக்கும் வழக்கம் உண்டு. முப்பத்தெட்டு வருஷமாக, பேச்சு முடிந்தது என்று அந்த இடத்தில்தான் பெரியப்பா எழுந்து போவார். இப்போது அப்படியே உட்கார்ந்திருக்கிறார், அடுத்த முகத்துக்குக் காத்திருப்பவர் போல. ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான், தனக்கும் ரெண்டு வருஷமாக முழங்கால் வலி, மாடிப்படி முடியவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

பெரியப்பா மூன்று முறை திரும்பினார்.

இந்த வருஷம் வடகம் பால்கனியில்தான் காய்ந்தது.