சுருக்கமா ஒரு ஜெபம்

எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் "அண்ணாச்சி, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து ஜெபித்துவிடக் கூடாது. அது மரியாதை இல்லை. முதலில் "ஐயோ, நானா?" என்று திடுக்கிட வேண்டும். அப்புறம் பக்கத்தில் இருக்கிற வயதானவரைக் கைகாட்ட வேண்டும். அவர் நம்மைக் கைகாட்டுவார். (அவர் பாட்டுக்கு "சரி" என்று எழுந்துவிட்டால் அன்று ராத்திரி நமக்குச் சோறு இறங்காது.) பிறகு, வேறு வழியே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பூச்சியும் புழுதியுமான அடியேன்" என்று ஆரம்பிக்க வேண்டும்.

நான் ஆரம்பித்தால் பூச்சி லேசில் அடங்காது. சிருஷ்டிப்பில் தொடங்கி, நோவாவோடு பேழையில் ஏறி இறங்கி, செங்கடலைக் கடந்து, அந்த வீட்டுப் பையனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற விஷயத்துக்கு நான் வந்து சேருவதற்குள் அடுப்படியில் டீ ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறியிருக்கும். என் அம்மா நன்றாகவே தூங்கிவிடுவாள். ஆனால் ஆமென் மட்டும் எல்லோருக்கும் முந்திச் சொல்லிவிடுவாள். எப்படி என்று கேட்டேன். "உன் தொண்டை வத்திரும்லா, அப்ப முடிக்கப் போறன்னு அர்த்தம்" என்றாள்.

ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன தாழ்மையான ஜெபம் அண்ணாச்சி!" என்றார். "எல்லாம் கர்த்தர் கிருபை" என்று தலையை எவ்வளவு குனிய வேண்டுமோ அவ்வளவு குனிந்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி தானாகச் சொல்வாள் என்று பார்த்தேன். தெருமுனை வரை பேச்சில்லை. கடைசியில் நானே கேட்டுவிட்டேன்: "இன்னைக்கு ஜெபம் எப்படி இருந்துது?"

"எங்கிட்டயா பண்ணினீங்க?" என்றாள்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு ஜெபிக்கப் போன இரண்டு பேர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பரிசேயன் தன் பெருமைகளை ஆண்டவரிடமே ஒப்பிக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் உபவாசமாம், எல்லாவற்றிலும் தசமபாகமாம். நியாயப்பிரமாணம் கட்டாயமாகக் கேட்டது வருஷத்துக்கு ஒரே நாள், பாவநிவிர்த்தி நாள் உபவாசம்தான். மிச்சமெல்லாம் இவன் கையிலிருந்து போட்டது. அந்தக் காலத்துப் பக்தர்கள் உபவாசித்தது திங்களும் வியாழனும். ஆதித் திருச்சபையில் 'திதாக்கே' என்று ஒரு சின்னப் போதனை நூல் உண்டு. அது, வேஷக்காரர்களோடு சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டாம், நீங்கள் புதனும் வெள்ளியும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. கிழமையை மாற்றினால் ஆளும் மாறிவிடுவான் என்று நம்பிய அந்த நல்ல மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆயக்காரனோ தூரத்தில் நின்று, நிமிர்ந்து பார்க்காமல், மார்பில் அடித்துக்கொண்டு நாலைந்து வார்த்தையில் முடித்துவிடுகிறான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான் என்பதோடு கதை முடிகிறது. என் கவலையெல்லாம் அடுத்த வாரத்தைப் பற்றி. உன் ஜெபம்தான் கேட்கப்பட்டதாம் என்று யாராவது அவனிடம் சொல்லியிருந்தால், அவன் எங்கே நின்றிருப்பான்? நானாக இருந்தால் இன்னும் நாலடி பின்னால் தள்ளி நிற்பேன். அப்போதுதானே எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) இந்தப் பகுதியைப் பிரசங்கித்த அன்று, இது யாருக்குப் பொருந்தும் என்று ஒவ்வொரு பெஞ்சாகத் தேடிப் பார்த்தேன். மூன்று வரிசை முன்னால் ஆள் கிடைத்துவிட்டார். அடியெல்லாம் அவருக்குத்தான் என்று நான் முடிவு செய்த அதே நொடியில், அந்த மனிதர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

சரி, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணச் சொல்லி மத்தேயு 6இல் இருக்கிறதே என்று இறங்கினேன். எங்கள் வீட்டில் ஒழுங்காகத் தாழ்ப்பாள் விழும் ஒரே அறை, பீரோவும் அரிசி மூட்டையும் இருக்கும் அறை. முழங்காலில் நின்று வெகுநேரம் ஜெபித்துவிட்டு வெளியே வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க ஒரு நாதி இல்லை. மறுநாள் லேசாக இருமிப் பார்த்தேன். பிறகு "ஆண்டவரே..." என்று சற்று உரக்கப் பெருமூச்சு விட்டேன். கதவுக்கு அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது.

"பீரோ பக்கத்துலதான இருக்கீங்க? அந்த ரேஷன் கார்டை எடுத்துட்டு வாங்க."

இந்த இருமலுக்கு நான்தான் முதல் ஆள் என்று நினைத்திருந்தேன். அதிலும் மண். பிரான்சில் 1115இல் கிளேர்வோ மடத்தைத் தொடங்கிய புனித பெர்னார்டு, பெருமையின் படிகள் பன்னிரண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். ஐந்தாவது படியில் ஒரு துறவி. மற்றவர்கள் ஜெபம் முடித்துப் போன பிறகும் கோயிலில் தனியாகத் தங்கி, வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி மூலையில் கனைத்துக் கனைத்துப் பெருமூச்சு விடுகிறார். படித்ததும் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இதில் வேடிக்கை, கோட்ஃப்ரே என்கிற மடாதிபதி அவரிடம் கேட்டது தாழ்மையின் படிகளைப் பற்றி. எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும், எனக்குப் பழக்கம் இறங்குவதுதான் என்கிற தோரணையில் பெர்னார்டு முடித்துவிட்டார். பெரிய மனுஷன்.

ஒன்பதாவது படி இன்னும் மோசம். தன்னை மகா பாவி என்று தானே சொல்லிக்கொள்கிறவனிடம் ஒரு சின்னக் கண்டிப்புச் சொல்லிப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும் என்கிறார். எங்கள் குடும்ப ஜெபத்தில் நடந்தது அதுதான். "ஆண்டவரே, நான் நன்றிகெட்டவன், கோபக்காரன், சோம்பேறி" என்று அடுக்கிக்கொண்டே போனேன். சோம்பேறி என்ற இடத்தில் மனைவியிடமிருந்து ஒரு ஆமென் வந்தது. சாதாரண ஆமென் இல்லை.

"அந்த ஆமென்ல என்ன அவ்வளவு அழுத்தம்?" என்றேன், ஜெபம் முடிந்த கையோடு.

"நீங்கதான சொன்னீங்க?"

"நான் சொல்லலாம்."

"கோபக்காரன்னும் சொன்னீங்க" என்றாள். அதற்கு ஆமென் போட மறந்துவிட்டாளாம்.

சீனாய் மலையில் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவான் கிளிமாக்கஸ், வீண்பெருமையை முள்ளுக்கு ஒப்பிட்டார். நம் ஊர் நெருஞ்சி முள் மாதிரிதான். எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே நிற்கும். உபவாசித்தால் பெருமை. யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சாப்பிட்டால், அந்தச் சாமர்த்தியத்தில் பெருமை. எட்டிப் பார்க்க ஆளில்லாத வனாந்தரத்தில் அவருக்கே இந்தப் பாடு என்றால், பஸ் ஸ்டாண்டு பக்கம் குடியிருக்கிற நான் எம்மாத்திரம்?

ஆகவே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். கதவோரம், ஃபேன் எட்டாத இடம், தூண் மறைக்கும். நாளாவட்டத்தில் அது என் இடம் என்று சபையே அறிந்துகொண்டது; அறிந்துகொள்கிற மாதிரிதான் நானும் உட்கார்ந்தேன். அறுப்பின் பண்டிகை அன்று போனால் அங்கே வெளியூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நின்று முறைத்துப் பார்த்தேன். அவர் சிநேகமாகச் சிரித்தார். என் தாழ்மையான இடத்தில் இன்னொருவன் உட்காருவதா என்று காது சூடேறிக்கொண்டிருக்கும்போதே கோயில்பிள்ளை வந்து தோளைத் தொட்டு, காலியாக இருந்த ஒரே இடத்தில், முதல் வரிசையில், கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அத்தனை கண்களும் முதுகில். ஐயர் குனிந்து பார்த்தார். எதிரே நான்.

"அண்ணாச்சி, நீங்களே காணிக்கை ஜெபம் பண்ணிருங்க" என்றார். நான் "ஐயோ, நானா?" என்று வாயைத் திறப்பதற்குள் மைக்கிலேயே சேர்த்துக்கொண்டார்: "சுருக்கமா."

சபை முழுக்கச் சிரித்தது. பெண்கள் பக்கமிருந்து வந்த சிரிப்பில் ஒன்று எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு. எழுந்தேன், கண்ணை மூடினேன், பூச்சியும் புழுதியுமாகத் தொடங்கினேன். அந்தச் 'சுருக்கமா'வை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. செங்கடலைக் கடந்ததோடு நிற்காமல், வனாந்தரத்தில் நாற்பது வருஷமும் சபையைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.