அகத்துறை ப்ளூடூத்தின் ஊடல்: வள்ளூரை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் களமும்

மடிக்கணினிக்கு உள்ளேயே பொதிந்து வரும் ப்ளூடூத், லினக்ஸ் ஓடும்போது மட்டும் வாய் திறக்க மறுப்பது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள். வெளியே செருகும் டாங்கிள் புறத்துறையைச் சேர்ந்தது. அதற்குப் பிற்பகுதியில் சிறிது இடம் தரப்படும். விண்டோஸில் வரும் சிக்கல்கள் இவ்வாய்வில் அடங்கா. அவற்றை ஆராய்கிறவர் தீர்ப்பதில்லை, தீர்க்கிறவர் ஆராய்வதில்லை.

களம் வள்ளூர். மீஞ்சூருக்குப் பக்கத்தில், கொசஸ்தலையாறு கடலை நெருங்கும் இடத்தில், ஓர் அணைக்கட்டுக்கும் 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கும் பெயர் கொடுத்த ஊர். நிலத்தால் நெய்தல். நெய்தலுக்குரிய உரிப்பொருள் இரங்கல் என்பார்கள். இங்கே நடப்பதோ ஊடல், அதாவது மருதம். ஆகவே இது திணைமயக்கம். இதற்கு மேல் இலக்கணம் பேசினால் பேட்டரி தீர்ந்துவிடும்.

இக்களத்தைத் தேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடியாகக் கொண்டு சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய இயங்குதளம் அது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. கணினியைத் திறந்ததும் இரண்டு வழி காட்டும் திரையில் விண்டோஸை மட்டும் அழுத்தி, மற்றதை ஏதோ அரசாங்க அறிவிப்பு என்று கடந்துபோன தலைமுறை ஒன்று நம்மிடையே வாழ்கிறது. ஆய்வாளரின் அக்கா மகன் அந்தத் தலைமுறைக்காரன். இப்போது கண்டெய்னர் யார்டில் வேலை. இவ்வாய்வின் களத் தகவலாளரும் அவனே.

“இன்னா மாமா, கனெக்ட் ஆவலையா?” என்பது அவன் முன்வைத்த ஆய்வுக் கேள்வி.

முன்னோர் கொள்கைகளும் மறுப்பும்

வள்ளூரில் எது பழுதானாலும் முதல் குற்றவாளி மின்நிலையத்துச் சாம்பல்தான். ஏ.சி. குளிரவில்லையா, சாம்பல். கொடியில் காய்ந்த துணி கறுத்ததா, குழந்தைக்கு இருமலா, மல்லிச்செடி பட்டுப்போனதா, எல்லாம் சாம்பல். இவற்றில் பலவற்றுக்கு உண்மையிலேயே சாம்பல் காரணம் என்பதால், எண்ணூர்க் கழிமுகத்தைக் கண்ணால் பார்த்த எவரும் அந்த வழக்கில் எதிர்த்து வாதாட முன்வருவதில்லை. அந்தத் துணிச்சலில் ப்ளூடூத்தையும் அதே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அதே மேசையில், அதே சாம்பலுக்கு நடுவில், அதே கணினி விண்டோஸில் எழும்போது ஹெட்செட் பாடுகிறது. இயங்குதளம் பார்த்து ஓரவஞ்சனை செய்யும் சாம்பலை எந்த மின்நிலையமும் இதுவரை உற்பத்தி செய்யவில்லை.

அடுத்தது கம்பிக் கொள்கை. மின்நிலையத்திலிருந்து புறப்படும் 400 கிலோவோல்ட் கம்பிகள் ப்ளூடூத்தைக் ‘கலைக்கின்றன’ என்பது டீக்கடை அறிஞர்களின் துணிபு. கம்பியில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ப்ளூடூத் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், நொடிக்கு 240 கோடி சுற்று. நடுவே 4.8 கோடி மடங்கு இடைவெளி. இக்கணக்கை டீக்கடையில் எடுத்துரைத்தபோது, “அப்ப ரேடியோ ஏன் சார் கொரகொரங்குது?” என்று எதிர்க்கேள்வி வந்தது. மீடியம் வேவ் ரேடியோவின் அலைவரிசை ப்ளூடூத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கீழே இருப்பது, உயர் அழுத்தக் கம்பியின் இரைச்சல் அங்கே தாராளமாக விழும். அறிஞர் சொன்னது சரிதான். கருவியைத்தான் மாற்றிப் பிடித்திருந்தார்.

அந்த 2.4 கிகாஹெர்ட்ஸில் உண்மையான போட்டியாளர்கள் வேறு. இந்தியாவில் அந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005இல் விதி வந்தது. அதன்பின் வைஃபை, வயரில்லா மவுஸ் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசிவதும் அதே இடத்துக்குத்தான் வருகிறது. யூஎஸ்பி 3இல் செருகிய ஹார்ட் டிஸ்க்கூட அந்தப் பக்கம் இரைச்சல் கொட்டும். ப்ளூடூத் இதைத் தெரிந்தே பிறந்தது. 79 வாய்க்கால்களுக்குள் நொடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசும். நெரிசலான வாய்க்காலை ஒதுக்கிவிட்டுப் போகும். நெரிசலால் பாட்டு விட்டுவிட்டு வரலாம். கருவியே காணாமல் போகாது.

மூலவரலாறு

1994இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சென் என்ற டச்சுப் பொறியாளர் தொடங்கிய வேலை ப்ளூடூத். 1997இல் இன்டெலின் ஜிம் கார்டாக் இதற்கு டென்மார்க் அரசன் ஹரால்டின் பட்டப்பெயரைச் சூட்டினார். ஹரால்டின் ஆட்சி முடிந்ததாகச் சொல்லப்படும் அதே காலத்தை ஒட்டி, 985இல், தஞ்சையில் ராஜராஜன் பட்டமேறினார். அவர் பெயரை எந்தக் கம்பியில்லாக் கருவிக்கும் வைக்கவில்லை என்ற மனக்குறையைப் பதிவு செய்துவிட்டு நகர்கிறோம். லினக்ஸுக்கு ப்ளூடூத் வந்தது 2001இல், மேக்ஸ் க்ராஸ்நியான்ஸ்கி எழுதிய ப்ளூஇசட் என்ற நிரல் கெர்னலுக்குள் சேர்ந்தபோது.

மறுப்பது யார்?

இவ்வாய்வின் மையக் கருத்து இதுதான்: ‘கனெக்ட் ஆவல’ என்ற ஒரே புகாருக்குள் குறைந்தது அரை டஜன் வெவ்வேறு மறுப்புகள் ஒளிந்திருக்கின்றன, மறுப்பது யார் என்று தெரியாமல் மருந்து கொடுப்பதால்தான் எந்த மருந்தும் கேட்பதில்லை. வேலைக்குப் போன மேஸ்திரி வாசலிலேயே திரும்பி வந்தால், வள்ளூரில் யாரும் “கம்பெனி சரியில்லை” என்று பொதுவாகப் புலம்புவதில்லை. கேட் பாஸ் தேதி முடிந்ததா, பேர் லிஸ்டில் இல்லையா, இன்றைக்கு ஷட்டவுனா என்று சரியாகக் கேட்பார்கள். மடிக்கணினி விஷயத்தில் அந்தப் புத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

முதல் வாசல் ஆர்எஃப்கில். டெர்மினலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ என்று தட்டினால் கணினியிலுள்ள ஒவ்வொரு ரேடியோவுக்கும் இரண்டு வரி பதில் வரும். மென்தடை ஒன்று, வன்தடை ஒன்று. மென்தடை என்றால் மென்பொருள் போட்ட தாழ்ப்பாள். ‘அன்பிளாக்’ என்று ஒரு கட்டளையில் திறந்துவிடும். வன்தடை அப்படியல்ல. ஓரத்தில் நகரும் ஒரு ஸ்விட்ச், பயாஸில் ஒரு தேர்வு, அல்லது விமானப் படம் போட்ட பட்டன், இவற்றில் எதையோ யாரோ தொட்டிருக்கிறார்கள். இங்கே உலகத்து லினக்ஸ் அறிஞர்கள் எல்லாரும் சேர்ந்து கட்டளை இட்டாலும் பயனில்லை, விரலால்தான் திறக்க வேண்டும். சில மடிக்கணினிகளில் அந்தப் பட்டன் இன்னும் ஒரு படி மேலே போய், ப்ளூடூத்தை யூஎஸ்பி பட்டியலிலிருந்தே கழற்றிவிடும்.

யூஎஸ்பி பட்டியலா, இது உள்ளே இருக்கும் கருவியாயிற்றே என்று வாசகர் ஐயுறலாம். நல்ல ஐயம். பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே சின்ன அட்டையில் வசிக்கின்றன, பல நேரம் ஆண்டெனாவைக்கூடப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆனால் வைஃபை பேசுவது பிசிஐ வழியாக, ப்ளூடூத் பேசுவது யூஎஸ்பி வழியாக. அதனால்தான் வைஃபை வேலை செய்கிறதே, அட்டை நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாதம் செல்லாது. ‘எல்எஸ்யூஎஸ்பி’ என்று தட்டிப் பார்க்க வேண்டும். பட்டியலில் ப்ளூடூத் இருந்தால் உடம்பு இருக்கிறது, உயிரைத் தேடலாம். இல்லாவிட்டால் மேலே சொன்ன பட்டன், பயாஸ், அட்டை இவற்றோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

உயிர் என்பது ஃபர்ம்வேர். இதுவே இந்தத் துறையில் அதிகம் அவமதிக்கப்பட்ட அதிகாரம். இன்டெல், ரியல்டெக், பிராட்காம் வகையறாச் சில்லுகள் பலவற்றுக்குச் சொந்தப் புத்தி கிடையாது. மின்சாரம் வந்ததும் கெர்னல் ஒரு கோப்பை எடுத்து ஊட்டினால்தான் அது ப்ளூடூத் ஆகும். மின்சாரம் போனால் ஊட்டியதும் போய்விடும். கோப்பு கிடைக்காவிட்டால் கெர்னல் அதை ஒளிக்காமல் சொல்கிறது. ‘டி-மெசேஜ்’ பார்த்தால், இன்ன பெயருள்ள ஃபர்ம்வேர் ஏற்றப்படவில்லை, பிழை மைனஸ் 2 என்று எழுதியிருக்கும். யூனிக்ஸ் மரபில் 2 என்றால் அப்படியொரு கோப்பு இல்லை என்று பொருள். கோப்பின் முழுப்பெயரே அந்த வரியில் இருக்கிறது. பழுதுபட்ட பொருள் தன் நோயையும் மருந்தின் பெயரையும் எழுதி நீட்டுவது இந்த வட்டாரத்தில் வேறெங்கும் காணாத அதிசயம். களத் தகவலாளர் உட்பட யாரும் அதைப் படிப்பதில்லை. ஒரு கடைக்காரர் கணினியைத் திறக்காமலே, “போர்டு போச்சு சார்” என்று சொல்லிவிட்டார்.

கோப்பு ஏன் இல்லாமல் போகிறது என்பதில் கொள்கைச் சண்டை கலந்திருக்கிறது. ஃபர்ம்வேர்களில் பலவற்றின் மூலநிரல் வெளியிடப்படுவதில்லை. கட்டற்ற மென்பொருளில் கறாரான டெபியன் அவற்றை நிறுவும் தட்டுக்கு வெளியே வைத்திருந்தது. 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்துதான் உள்ளே விட்டது. அதுவரை, விடுதலைக்குக் கொடுத்த விலையில் ஹெட்செட்டும் அடக்கம். கொள்கை உயர்ந்தது என்பதில் ஆய்வாளருக்கு ஐயமில்லை. பாட்டு கேட்கவில்லை என்பதிலும் ஐயமில்லை.

இனி ரீஸ்டார்ட் கொள்கை. இதை மேலே முன்னோர் வரிசையில் சேர்க்காததற்குக் காரணம், இது பாதி உண்மை. ரீஸ்டார்ட் செய்தால் கணினி எழுந்து மறுபடி உட்காருகிறது. அட்டைக்குப் போகும் மின்சாரம் சில கணினிகளில் அறுவதே இல்லை. சில்லு முன்பு எந்தக் குழப்பத்தில் நின்றதோ அதே குழப்பத்தில் தொடர்ந்து நிற்கும். முறையாக ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால்தான் அதற்குப் பழைய நினைவு போகும். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இன்னொரு தொல்லை. அது முழுதாகத் தூங்காமல் அரைக்கண் மூடிப் படுத்துக்கொள்வதால், அடுத்து வரும் லினக்ஸுக்கு அட்டை கலைந்த நிலையில் கிடைக்கிறது. “அதான் மாமா நான் அப்பவே ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னு சொன்னேன்” என்று தகவலாளர் இவ்விடத்தில் குறுக்கிட்டார். அவர் சொன்னது ரீஸ்டார்ட்டை. சார்ஜரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது குறிப்பேட்டில் உள்ளது.

புறத்துறை ஒரு பார்வை

பொறுமையிழந்தவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ரயிலேறுகிறார்கள். அத்திப்பட்டு புதுநகரில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு பக்கம் போனால் நகத்தளவு டாங்கிள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பல, சிஎஸ்ஆர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் சில்லு என்று பொய் சொல்லிக்கொள்ளும் போலிகள். உலகம் முழுக்க இந்தப் போலிகள் பெருகியதால், அவற்றைக் கண்டுபிடித்து அனுசரித்துப் போக லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே தனி நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். செருகியதும், இது சிஎஸ்ஆரின் நகல், சமாளிக்கிறேன் என்ற பொருள்பட ஒரு வரி எழுதிவிட்டு வேலையைப் பார்க்கிறது. கள்ளச்சரக்கைக் கண்டதும் பிடித்துக் கொடுக்காமல், வந்துவிட்டாய், உட்கார் என்று சொல்லும் இந்தப் பெருந்தன்மையை ஆய்வாளர் வணங்குகிறார்.

சாவிப் பிரச்சினை

எல்லா வாசலும் திறந்தபின்னும், நேற்று விண்டோஸில் பாடிய ஹெட்செட் இன்று லினக்ஸில் முகம் திருப்பும். ஜோடி சேரும்போது இரு தரப்பும் ஒரு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹெட்செட்டுக்கு இந்தக் கணினியின் ப்ளூடூத் முகவரி ஒன்றே. உள்ளே விண்டோஸா லினக்ஸா என்று அது அறியாது. விண்டோஸில் ஜோடி சேர்த்ததும் ஹெட்செட் பழைய சாவியை எறிந்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் பழைய சாவியோடு கதவைத் தட்டுகிறது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியிலிருந்து அந்தச் சாவியை எடுத்து, லினக்ஸின் ப்ளூடூத் கோப்புறையில் அந்தக் கருவிக்குரிய கோப்பில் எழுதிவிட்டால் இரண்டுக்கும் ஒரே சாவி ஆகிவிடும். சட்டப்படி இது கூட்டுக்குடும்பம். ஹெட்செட்டிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பழைய அறிவுரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ‘எச்சிஐகான்ஃபிக்’ போன்ற கருவிகளை ப்ளூஇசட் குழுவே கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் ப்ளூடூத் பிரச்சினைக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, அறிவுரை கேட்பவரின் மடிக்கணினியைவிட வயது மூத்தது. இப்போது ‘ப்ளூடூத்சிடிஎல்’ ஒன்று போதும்: பவர், ஸ்கேன், பேர், டிரஸ்ட், கனெக்ட். இதில் ‘டிரஸ்ட்’டை விட்டுவிடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

இவை அனைத்தும் நேரான பின், இவ்வாய்வின் கணினியில் ஸ்கேன் நடந்தது, சாவி பொருந்தியது, நம்பிக்கையும் தரப்பட்டது. ஆனாலும் ‘கனெக்ட்’ மட்டும் தோற்றது. ஒரே நேரத்தில் ஒருவரோடு மட்டும் பேசும் பழைய ரக ஹெட்செட் அது. ஆன் செய்த கணத்திலேயே, பக்கத்து அறையில் கட்டிலில் கிடந்த தகவலாளரின் செல்போனைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் ப்ளூடூத்தை அணைக்கச் சொன்னதற்கு, வாட்ச் கட்டாயிடும் என்று மறுத்துவிட்டான். அன்று அவனுக்கு நைட் ஷிஃப்ட். ஒன்பதரைக்கு போனை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினான். மாமா கூப்பிட்ட மாத்திரத்தில் ஹெட்செட் கணினியிடம் வந்துவிட்டது. அவனுக்கு டே ஷிஃப்ட் மாறும் வாரத்தில் ஆய்வின் இரண்டாம் பகுதி நிறுத்திவைக்கப்படும்.